ஐந்தா, பதினெட்டா? ஒரு பேரல் எண்ணெய்க்குள் இருப்பது என்ன

ரப்பர் பட்டறைக்கு வந்து இறங்கும் எண்ணெயை முதலில் சோதிப்பது கண்ணும் மூக்கும்தான். பேரல் மூடியைத் திறந்து, கம்பியை விட்டு எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். தேன் நிறத்தில் இருந்தால் நல்ல சரக்கு. கருப்பாக, தார் வாடை அடித்தால் ஹெவி ஆயில். அனுபவப்பட்ட கண்ணுக்கு இதில் ஓரளவு உண்மை தெரிந்துவிடும். ஆனால் ஓரளவுதான். ஒரே தேன் நிறத்தில் இரண்டு எண்ணெய் இருக்கும். ஒன்று ரப்பரோடு சேர்ந்து போகும், இன்னொன்று காம்பவுண்டை, அதாவது ரப்பரோடு மற்றதெல்லாம் சேர்ந்த கலவையை, கெடுக்கும். அந்த வித்தியாசம் நிறத்தில் இல்லை, உள்ளே இருக்கும் ஹைட்ரோகார்பன்களில் இருக்கிறது.

மதுரையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இதுதான் என் வேலை. கப்பலூர், கே.புதூர், உறங்கான்பட்டி என்று சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் இருந்து ரப்பரை இளக்கச் சேர்க்கும் ப்ராசஸ் ஆயில், டிரான்ஸ்ஃபார்மர் ஆயில், எஞ்சின் ஆயிலுக்கு அடிப்படையான பேஸ் ஆயில் என்று பாட்டில்கள் வந்துகொண்டே இருக்கும். ரப்பருக்குப் பேர் போன ஊர் என்பதால் ப்ராசஸ் ஆயில்தான் அதிகம். அப்படி வந்த ஒரு சிக்கலைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் என்னிடம் கேட்ட அதே கேள்வி அதில் இருக்கிறது.

ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரில், கசிவை அடைக்கும் கேஸ்கெட் செய்கிற ஒருவர் இரண்டு ரிப்போர்ட்டோடு வந்தார். ஒன்று எண்ணெய் விற்றவர் கொடுத்தது. அரோமேட்டிக் 5 சதவீதம். இன்னொன்று வெளியூர்க் கூடம் ஒன்றில் அவரே காசு கட்டி எடுத்தது. அரோமேட்டிக் 18 சதவீதம்.

“ரெண்டும் ஒரே பேரல் சார். நானே நின்னு புடிச்சுக் குடுத்தேன். ஒண்ணுல அஞ்சு, ஒண்ணுல பதினெட்டு. யாரு பொய் சொல்றா?”

“யாருமே பொய் சொல்லலைண்ணே” என்றேன். அவருக்கு அது சமாதானமாக இல்லை. அவர் கவலை அவருக்கு. அச்சிலிருந்து எடுத்த கேஸ்கெட் வேகாத மாதிரி தொளதொளவென்று இருந்தது. வாங்குகிற கம்பெனி ஒரு லாட்டையே திருப்பி அனுப்பியிருந்தது.

இரண்டு ரிப்போர்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். முதல் ரிப்போர்ட்டில் எண்ணுக்கு எதிரே ஏ.எஸ்.டி.எம். டி 3238 என்று போட்டிருந்தது. இரண்டாவதில் ஏ.எஸ்.டி.எம். டி 2007. (ஏ.எஸ்.டி.எம். என்பது சோதனை முறைகளை வகுக்கும் அமைப்பு, பின்னால் வருவது முறையின் எண்.) இரண்டும் வேறு வேறு கேள்வி. கேள்வியே வேறு என்றால் பதில் எப்படி ஒன்றாக இருக்கும்?

பெட்ரோலிய எண்ணெயில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் கலந்து கிடக்கின்றன. அவற்றின் கட்டமைப்பில் மூன்று விதமான துண்டுகளைப் பார்க்கலாம். நேராகவோ கிளைவிட்டோ ஓடும் சங்கிலி பாரஃபின். பென்சீன் போல அல்லாமல் முழுக்க ஹைட்ரஜன் நிறைந்த வளையம் நாஃப்தீன். பென்சீன் வளையம் அரோமேட்டிக். கனமான எண்ணெயில் இந்த மூன்றும் ஒரே மூலக்கூறிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சிக்கல் தொடங்குவது இங்கேதான். டோடெசில்பென்சீன் என்ற மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பென்சீன் வளையம், அதில் தொங்கும் பன்னிரண்டு கார்பன் வால். மொத்தம் 18 கார்பன். அதில் வளையத்தில் இருப்பவை 6. கார்பனை எண்ணுகிறவருக்கு இது 33 சதவீதம் அரோமேட்டிக். மூலக்கூறைப் பிரிக்கிறவருக்கு இது 100 சதவீதம் அரோமேட்டிக்.

ஒரு தெருவில் பட்டதாரி இருக்கிற வீடு எத்தனை என்று எண்ணினால் ஒரு விடை வரும். அந்தத் தெருவில் உள்ள மொத்த ஆட்களில் பட்டதாரி எத்தனை பேர் என்று எண்ணினால் வேறு விடை வரும். தெரு அதேதான்.

டி 3238 கார்பனை எண்ணும் முறை. டி 2007 மூலக்கூறைப் பிரித்து எடை போடும் முறை. கரைப்பான் கொண்டு சுத்திகரித்த சாதாரண பாரஃபினிக் எண்ணெயில் முதலாவது 4, 5 என்று காட்டும்போது இரண்டாவது 15, 20 என்று காட்டுவது இயல்பு. நாஃப்தீனிக் எண்ணெயில் இடைவெளி இன்னும் பெரிது: கார்பன் கணக்கில் பத்துப் பன்னிரண்டு இருப்பது, மூலக்கூறு கணக்கில் முப்பத்தைந்து, நாற்பது வரை போகும். ரிப்போர்ட்டில் முறையின் எண்ணைப் போடாமல் வெறும் ‘அரோமேட்டிக் சதவீதம்’ என்று எழுதிக் கொடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அந்த எண்ணை நம்பி ஒருவர் மூலப்பொருள் வாங்குகிறார், அதை வைத்துப் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார்.

இப்போது அந்த இரண்டு முறைகளையும் கிட்டத்தில் பார்க்கலாம்.

டி 2007 கையால் செய்யும் வேலை. ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிய இரண்டு கண்ணாடிக் குழாய். மேலே ஒருவகைக் களிமண் தூள். கீழே சிலிக்கா ஜெல். எண்ணெயைப் பென்டேனில் கரைத்து மேலிருந்து விடவேண்டும். நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் சேர்ந்த முனைப்புள்ள பொருட்களைக் களிமண் பிடித்துக்கொள்ளும். அரோமேட்டிக்குகளை சிலிக்கா ஜெல் பிடிக்கும். பாரஃபினும் நாஃப்தீனும் எதிலும் ஒட்டாமல் பென்டேனோடு கீழே வந்துவிடும். இவற்றுக்குச் சாச்சுரேட்ஸ் என்று பெயர். பென்டேனை ஆவியாக்கிவிட்டு மீதியை எடை போட்டால் சாச்சுரேட்ஸ் கணக்கு கிடைக்கும். களிமண்ணில் ஒட்டியதை டொலுவீன்-அசிட்டோன் கலவை விட்டுக் கழுவி எடுத்து எடை போடுவோம். இவை போக மீதி அரோமேட்டிக்.

எழுதினால் ஒரு பத்தி. மே மாதம் மதுரையில் செய்துபார்த்தால்தான் தெரியும். பென்டேனின் கொதிநிலை 36 டிகிரி. வெளியே வெயில் நாற்பதைத் தொடுகிற ஊரில், ஏசி நின்றால் பாட்டிலுக்குள்ளேயே அது கொதிக்கத் தொடங்கிவிடும். குழாய்க்குள் குமிழி விட்டால் சிலிக்கா ஜெல்லில் விரிசல் விழும். விரிசல் விழுந்தால் அரோமேட்டிக்குகள் அதன் வழியே நழுவி சாச்சுரேட்ஸ் கணக்கில் சேர்ந்துவிடும். ரிப்போர்ட்டில் எண்ணெய் உள்ளதைவிடச் சுத்தமாகத் தெரியும். அதனால் கோடையில் இந்தச் சோதனையை விடியற்காலையிலேயே தொடங்கிவிடுவோம். பென்டேன் பாட்டில் குளிர்பெட்டியில் இருக்கும். அறையில் ஒரு ஸ்விட்சைக்கூட அநாவசியமாகத் தட்டுவதில்லை. பென்டேன் ஆவி மைனஸ் நாற்பதிலும் தீப்பிடிக்கக்கூடியது. கீழே சொட்டுச் சொட்டாக வருகிற திரவம் தண்ணீர் மாதிரி நிறமற்று இருக்க, மேலே களிமண்ணில் பழுப்பு வளையம் ஒன்று மெதுவாகப் படியும். எந்த எண்ணெயாக இருந்தாலும் அந்த வளையத்தை ஒருமுறை குனிந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

எஞ்சின் ஆயில் உலகமே இந்தச் சோதனையின் மீது நிற்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். பேஸ் ஆயிலை குரூப் 1, குரூப் 2 என்று பிரிக்கிறார்களே, அந்தப் பிரிவின் ஒரு கோடு சாச்சுரேட்ஸ் 90 சதவீதம் என்பது. இன்னொரு கோடு கந்தகம் 0.03 சதவீதம். சாச்சுரேட்ஸை அளக்க அங்கே பெயர் சொல்லிக் குறித்திருக்கும் முறை டி 2007.

டி 3238 இதற்கு நேரெதிர். எதையும் பிரிப்பதில்லை. எண்ணெயின் ஒளிவிலகல் எண், அடர்த்தி, மூலக்கூறு எடை, இந்த மூன்றை அளந்து கணக்குப் போடுவது. நெதர்லாந்தைச் சேர்ந்த வான் நெஸ், வான் வெஸ்டன் என்ற இருவர் 1951-இல் வெளியிட்ட நூலில் இதன் அடிப்படையை விரிவாக வைத்தார்கள். பென்சீன் வளையம் ஒளியை அதிகமாக வளைக்கும். வளையங்கள் அடர்த்தியைக் கூட்டும். இரண்டும் எந்த விகிதத்தில் கூடுகின்றன என்று பார்த்தால், வளையம் எந்த வகை என்று பிரித்துச் சொல்லிவிடலாம். மூலக்கூறைத் தொடாமலே அதன் உள்கட்டமைப்பைச் சொல்லும் இந்தக் கணக்கு எனக்கு இன்றும் அழகாகத்தான் படுகிறது.

ஆனால் பொல்லாத கணக்கு. கேஸ்கெட்காரர் கொண்டுவந்தது போன்ற ஒரு எண்ணெய்க்கு 20 டிகிரியில் ஒளிவிலகல் எண் 1.482, அடர்த்தி 0.872, மூலக்கூறு எடை 480 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் அரோமேட்டிக் கார்பன் ஐந்து சதவீதத்தை ஒட்டி வரும். இப்போது ஒளிவிலகலை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்கு, வெப்பத்தை நிலையாக வைக்கும் தண்ணீர்ச் சுழற்சி ஓடவில்லை, ப்ரிசம் 35 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். எண்ணெயின் ஒளிவிலகல் எண் டிகிரிக்குச் சுமார் 0.0004 குறையும். பதினைந்து டிகிரிக்கு 0.006. அதாவது 1.476. மூன்றாவது தசம இடத்தில் ஒரு சின்ன மாற்றம்தான். அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், அரோமேட்டிக் மைனஸ் ஐந்து என்று வரும். மைனஸ் வந்தால்கூடப் பரவாயில்லை, தப்பு என்று உடனே தெரிந்துவிடும். பன்னிரண்டு வரவேண்டிய நாஃப்தீனிக் எண்ணெயில் நாலு என்று வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? ரிப்போர்ட் அச்சாகிப் போய்விடும். ஜெர்மனியின் ஜெனாவில் குளிரில் உருவான கருவி அபே ரிஃப்ராக்டோமீட்டர். நம் ஊர் வெயிலில் அதை வைத்திருப்பவர்கள் ப்ரிசத்தின் வெப்பநிலையை ஒவ்வொரு முறையும் எழுதிவைக்க வேண்டும். அளக்கத் தொடங்கும் முன் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, 20 டிகிரியில் 1.3330 காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு நிமிஷ வேலை.

மூலக்கூறு எடை கிடைக்காத இடத்தில் பாகுத்தன்மையையும் அடர்த்தியையும் சேர்த்து வரும் வி.ஜி.சி. என்ற எண் கைகொடுக்கும். 1928-இல் ஹில், கோட்ஸ் இருவரும் கொண்டுவந்தது. 0.80 அருகில் என்றால் பாரஃபினிக், 0.87 அருகில் என்றால் நாஃப்தீனிக், 0.95-ஐத் தாண்டினால் அரோமேட்டிக். டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலுக்கான டி 2140 இதையும் ஒளிவிலகலையும் சேர்த்துக் கார்பன் கணக்குச் சொல்லும்.

சின்னக் கூடங்களுக்கு நான் சிபாரிசு செய்வது அனிலின் பாயிண்ட். ஒரு சோதனைக்குழாயில் அனிலின் என்ற திரவம் பத்து மில்லி, எண்ணெய் பத்து மில்லி. சாதாரண வெப்பத்தில் தண்ணீரும் எண்ணெயும் போலத் தனித்தனியே நிற்கும். கலக்கிக்கொண்டே மெதுவாகச் சூடேற்றினால் ஒரு கட்டத்தில் இரண்டும் ஒன்றாகித் தெளிந்துவிடும். அப்புறம் நிமிஷத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகாமல் ஆறவிட வேண்டும். தெர்மாமீட்டரின் பாதரசம் இறங்கிக்கொண்டே வர, திடீரென்று குழாய் முழுக்கப் பால் மாதிரி கலங்கும். ஓரத்தில் லேசாக மங்குவது கணக்கில்லை. பாதரசக் குமிழே தெரியாத அளவுக்குக் கலங்க வேண்டும். அந்த டிகிரிதான் விடை. அரோமேட்டிக் அதிகமுள்ள எண்ணெய் அனிலினோடு சீக்கிரம் உறவாடும், அதனால் எண் குறைவு: ஐம்பதுக்கும் கீழே. நாஃப்தீனிக் எழுபது, எண்பது. நல்ல பாரஃபினிக் நூறைத் தாண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது அனிலின் உலர்ந்திருக்கிறதா என்பது. காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏறினால் விடையும் ஏறிவிடும். சுத்தமான ஹெப்டேனோடு சேர்த்துப் பார்த்தால் 69.3 டிகிரி வரவேண்டும். வராவிட்டால் அந்த அனிலினைப் பயன்படுத்தக் கூடாது. கையுறை இல்லாமல் தொடவும் கூடாது. தோல் வழியாகவே உடம்பில் ஏறி, ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் சக்தியைக் குறைத்துவிடும் விஷம் அது.

சரி, கேஸ்கெட்டுக்கு வருவோம். அவருடைய காம்பவுண்டு பெராக்சைடு என்ற வேதிப்பொருள் போட்டு வேகவைப்பது, அதாவது சூட்டில் இறுகவைப்பது. பெராக்சைடு சூட்டில் உடைந்து, ரப்பர் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும். பிடுங்கிய இடங்கள் ஒன்றோடு ஒன்று கோர்த்துக்கொள்ளும். எண்ணெயில் அரோமேட்டிக் மூலக்கூறு இருந்தால், பென்சீன் வளையத்தை ஒட்டிய கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன் சுலபமாகக் கழன்றுவரும். பெராக்சைடு ரப்பரை விட்டுவிட்டு அதன் மேல் செலவாகிவிடும். கோர்வை குறைந்தால் கேஸ்கெட் தொளதொளக்கும். கந்தகம் போட்டு வேகவைக்கிறவருக்கு இதே எண்ணெய் ஒரு தொந்தரவும் செய்திருக்காது. அவர் கேட்க வேண்டியிருந்தது மூலக்கூறு கணக்கு, கையில் கிடைத்தது கார்பன் கணக்கு. ஐந்து என்றதும் கொஞ்சம்தானே என்று நினைத்தார். உண்மையில் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட பெராக்சைடைத் தின்னக்கூடிய மூலக்கூறுகள். ஹைட்ரஜன் ஏற்றிச் சுத்திகரித்த, சாச்சுரேட்ஸ் 90-க்கு மேல் உள்ள எண்ணெய்க்கு மாறச் சொன்னேன். விலை கூடத்தான். திரும்பி வந்த லாட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்.

இதுவரை சொன்னது சரக்கின் தரம் பற்றி. நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. அது கைகளைப் பற்றியது.

பாரஃபினிக் எண்ணெய் தயாராகும்போது ஃபர்ஃபுரால், என்.எம்.பி. போன்ற கரைப்பானால் அரோமேட்டிக்கைக் கழுவி எடுப்பார்கள். கழுவி எடுத்த அந்தக் கருப்புக் குழம்பும் விற்பனைக்கு வரும். டயருக்கும் கருப்பு ரப்பருக்கும் அருமையாகச் சேரும், விலையும் மலிவு. ஆனால் அதில் மூன்று, நான்கு, ஐந்து வளையங்கள் ஒட்டிய பாலிசைக்ளிக் அரோமேட்டிக்குகளும் திரண்டு வந்துவிடுகின்றன. பென்சோபைரீன் அந்தக் கூட்டத்தில் உள்ளது, புற்றுநோய் உண்டாக்குவது.

மில் ஊர்க்காரர்களான நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் மியூல் என்ற நூற்பு இயந்திரம் இருந்தது. ஓடும் கதிர்களில் இருந்து தெறிக்கும் எண்ணெய், அதன் மேல் சாய்ந்து வேலை செய்யும் தொழிலாளியின் கால்சட்டையை நாள் முழுக்க நனைக்கும். 1922-இல் மான்செஸ்டரில் சவுதம், வில்சன் என்ற இரு மருத்துவர்கள் விதைப்பையில் புற்றுநோய் வந்தவர்களின் பட்டியலை ஆராய்ந்தபோது, கிட்டத்தட்ட பாதிப் பேர் மியூல் ஓட்டியவர்கள். காரணம் எண்ணெய். சட்டம் வந்தது 1953-இல். வெள்ளை எண்ணெயோ தாவர, விலங்குக் கொழுப்போதான் அந்தக் கதிர்களுக்கு விடவேண்டும் என்று. இடையில் முப்பது வருஷம் போய்விட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இன்று சுத்திகரிக்காத, அரைகுறையாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய்களை உறுதியாகப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நன்கு சுத்திகரித்தவை அந்தப் பட்டியலில் இல்லை. எண்ணெய் எல்லாம் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

இதற்கென்றே ஐ.பி. 346 என்ற சோதனை இருக்கிறது. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானால் எண்ணெயைக் கழுவினால், பல வளையங்கள் கொண்ட மூலக்கூறுகளை அது தேர்ந்து எடுத்துக்கொள்ளும். அந்தப் பங்கு 3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி 1 முதல் டயர் எண்ணெய்க்கு வைத்த வரம்பும் அதை ஒட்டியதுதான்: பென்சோபைரீன் கிலோவுக்கு 1 மில்லிகிராம், குறித்த எட்டு சேர்மங்கள் சேர்ந்து 10 மில்லிகிராம். ஏற்றுமதிக்கு டயர் செய்கிறவர்கள் அன்றே மாறிவிட்டார்கள். உள்ளூருக்கு மேட், புஷ், செருப்பு சோல் செய்கிற பட்டறைக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை.

அங்கே மிக்சிங் மில்லில் நிற்கிறவரைப் பார்த்திருக்கிறேன். முழங்கை வரை கருப்பு. எண்ணெயும், ரப்பரில் சேர்க்கும் கார்பன் பிளாக் என்ற கரித்தூளும் சேர்ந்த கருப்பு. மக்கில் எண்ணெயை மொண்டு உருளைகளுக்கு நடுவே ஊற்றுவார், தெறித்ததைப் பனியன் வேஸ்ட்டால் துடைப்பார், அந்த வேஸ்ட்டைக் கால்சட்டைப் பையிலேயே செருகிக்கொள்வார். லங்காஷயரில் நடந்ததும் இதுவேதான்: எண்ணெய் ஊறிய துணி தோலோடு நாள் முழுக்க ஒட்டியிருந்தது. சில இடங்களில் இதைவிட மோசம், விலை குறைகிறதென்று பழைய எஞ்சின் ஆயிலையே ஊற்றுகிறார்கள். பெட்ரோல் எஞ்சினில் ஓடிய எண்ணெயில் பல வளைய அரோமேட்டிக்குகள் ஓட ஓடச் சேர்ந்துகொண்டே போகும். எந்த விலைக்கும் அதை ரப்பரில் சேர்க்கக் கூடாது.

பட்டறை நடத்துகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். எண்ணெய் விற்பவரிடம் ஐ.பி. 346 ரிப்போர்ட் கேளுங்கள், பேட்ச் எண்ணோடு கேளுங்கள். கருப்பு எண்ணெய்தான் வேண்டும் என்றால் அதையே மறுபடி கழுவிச் சுத்திகரித்த டி.டி.ஏ.இ. என்ற ரகம் இருக்கிறது. நாஃப்தீனிக் எண்ணெயிலும் பல காம்பவுண்டுகள் ஓடும், ரெசிப்பியைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும். மில்லில் நிற்பவருக்கு எண்ணெய் புகாத கையுறையும் ஏப்ரனும் கொடுங்கள். எண்ணெய் பட்ட துணியை அன்றன்றே மாற்றச் சொல்லுங்கள். துடைத்த வேஸ்ட் கால்சட்டைப் பைக்குள் போகக் கூடாது.

சாம்பிள் கொண்டுவருகிறவர்களுக்கு: குளிர்பான பாட்டில் வேண்டாம், ஓரத்தில் நிற்கும் ஈரம் போதும் அனிலின் பாயிண்டைக் கெடுக்க. காய்ந்த கண்ணாடி பாட்டிலில், பேரலை நன்றாக உருட்டிவிட்டு, அரை லிட்டர் எடுங்கள். எந்த ரப்பருக்கு, கந்தகமா பெராக்சைடா என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். அது தெரிந்தால்தான் உங்களுக்குத் தேவை கார்பன் கணக்கா மூலக்கூறு கணக்கா என்று நாங்கள் முடிவு செய்ய முடியும்.